நாற்பத்தேழாம் எண்

புத்தக வெளியீட்டில் வாசிக்க வேண்டிய பகுதியை வீட்டில் நின்றபடி உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் மங்களம் அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்றைக்குப் பெரட்டில் கிராணி என் எண்ணைக் கூப்பிடவில்லை" என்று வாசித்துவிட்டு, கூட்டம் கொஞ்சம் கலங்கட்டுமே என்று ஒரு நிமிடம் நிறுத்தினேன்.

"மூச்சப் புடிச்சிக்கிட்டே வேலைக்குப் போனேன்" என்றார் அக்கா, குனிந்த தலை நிமிராமல்.

அடுத்த வரி அதுதான். உச்சரிப்பு மட்டும்தான் வேறு, சொல்லுக்குச் சொல் அதுவேதான். புத்தகப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை. வெளியே இருந்த ஒரே பிரதி என் கையில் இருந்தது.

என் தாத்தா எழுதிய கதை என்று அட்டையில் போட்டிருக்கிறேன். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில்தான் அந்த நோட்டுப் புத்தகம் கிடைத்தது. முதல் தாளைக் கரையான் தின்றிருந்தது, கடைசித் தாளில் 1957 என்றிருந்தது. கதையில் வருவது காற்று தீர்ந்துபோன ஓர் எதிர்காலம். பணக்காரர்கள் மேகத்துக்கு மேலே கோபுரங்களில் இருக்கிறார்கள். தொழிலாளிகள் கீழே, மூக்கில் குழாயோடு. விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுப்புக்கு வரிசையாக நிற்பவர்களில் கிராணி எந்த எண்ணைக் கூப்பிடுகிறாரோ, அந்தக் குழாய் மட்டும் அன்றைக்குத் திறக்கும். கதை சொல்பவனுக்குப் பெயர் கிடையாது, நாற்பத்தேழாம் எண். இந்த நாட்டில் அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு அறிவியல் கதையா என்று வியந்து, "கிராணியாக இருந்துகொண்டே கிராணியைக் கொடியவனாகப் படைத்த பெருந்தன்மை" என்று முன்னுரை எழுதிக் கொடுத்தார் பேராசிரியர் சுகுமாரன். அதைப் படித்து நான் அழுதேன். பெருமை தாங்கவில்லை.

இந்தக் கதையை எங்கே கேட்டீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார். அக்காவும் அதே தோட்டத்துக்காரர்தான். அவருடைய அப்பா இராமசாமி மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. மழை பெய்தால் பால் எடுக்க முடியாது, வேலை கிடையாது. அந்த நாள்களில் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து இதைத்தான் சொல்வாராம், ஒரு சொல் மாறாமல். பெரட்டில் அவருடைய எண் நாற்பத்தேழு.

"பேப்பருக்கு அனுப்பணும்னு அப்பா நோட்டுல எழுதி உங்க தாத்தாகிட்டதான் குடுத்தாரு தம்பி. தோட்டத்துக் கடுதாசியெல்லாம் ஆபீஸ் வழியாத்தானே போவும். தபால்ல சேத்துட்டேன்னு ஐயா சொன்னாராம். அப்புறம் ஞாயித்துக்கிழம ஆனா கடைக்குப் போயி பேப்பரப் பொரட்டிக்கிட்டே இருப்பாரு. வரவே இல்ல லா. நம்ம எழுத்து அவ்வளவுதான்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் எழுதவே இல்ல."

தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. நோட்டோடு பத்திரிகை முகவரி எழுதிய ஓர் உறையும் பெட்டியில் இருந்தது. தபால்தலை ஒட்டியிருந்தது, முத்திரை விழவில்லை. தாத்தா கூச்சப்பட்டு அனுப்பாமல் விட்டுவிட்டார் என்று நானே ஒரு கதை கட்டி, அதைப் பின்னட்டையில் வேறு போட்டிருந்தேன். பாட்டிக்குத் தாத்தா எழுதிய கடிதங்களும் அதே பெட்டியில்தான் கிடந்தன. சாய்ந்த கையெழுத்து. நோட்டில் இருந்ததோ முட்டை முட்டையாக, நிமிர்ந்த எழுத்து. இரண்டையும் ஒருநாள்கூடப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அந்தத் தோட்டத்தில் கிராணியைவிட்டால் எழுதத் தெரிந்தவர் யார் இருந்திருக்கப் போகிறார்! படித்த மடையன் நான், வேறு ஒருவர் எழுதியிருப்பாரோ என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை.

அக்கா இரண்டு கைகளையும் உடுப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இத்தன வருசம் கழிச்சி நீங்க போட்டுட்டீங்களே, தம்பி. ஐயா வூட்டுப் புள்ளைங்க மறக்கல."

அட்டையில் கழுத்துப்பட்டி கட்டிய தாத்தாவின் படத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் புரட்டினார். தொலைபேசி அடித்தது. மண்டபத்திலிருந்துதான். நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், தாத்தாவின் படத்துக்கு மாலை வாங்கியாகிவிட்டது, சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். என்ன பதில் சொன்னேனோ தெரியாது.

"அப்பா பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஈர வாளியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். கடைசிப் பக்கம் வந்தது. மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போய், இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகத் தேட ஆரம்பித்தார்.