அப்பா வைத்த சத்தம்

மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், எந்த ஒயரைப் பிடுங்குவது என்று உதயசூரியன் தேடிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே ஸ்பீக்கரிலிருந்து அவனுடைய அப்பா மறுபடியும் சொன்னார்:

“ஒதயா, ஒன்னால முடியாது. எந்திரி.”

சொன்ன அப்பா, நாலு எட்டுத் தள்ளி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். விடியற்காலையில் போன உயிர்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. கறம்பக்குடியிலிருந்து வந்திருந்த ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். துக்கம்தான் என்று நம்ப உதயன் ரொம்பவும் முயன்றான். அவள் தோள் குலுங்கிய குலுங்கலைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஆகவேண்டிய காரியம் என்னவோ சின்னதுதான். அன்னவாசல் முக்கத்தில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு ஒரு போட்டோ வேண்டும். காக்கிச் சட்டையும் தோல் பையுமாக அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிற நல்ல போட்டோ கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைப் பென்டிரைவில் ஏற்றி பிளெக்ஸ் கடை சிராஜிடம் கொடுக்கவேண்டும். சிராஜ் இரண்டு தடவை போன் போட்டுவிட்டான். தாமதமானால் ஆதார் கார்டில் இருப்பதைத்தான் போடவேண்டிவரும் என்றான். ஆதாரில் அப்பா, உண்டியலை உடைத்து மாட்டிக்கொண்டவர் மாதிரி இருப்பார்.

அப்பா அடைக்கலம் இலுப்பூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப்போட்டு, யாரையும் கேட்காமல் தானே நோண்டிக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதை எல்லாம் அதன் மேலேயே காட்டினார். எழுத்தைப் பெரிதாக்கினார். திரையில் பஸ் படம் வைத்தார். அதுவும் அலுத்ததும், கம்ப்யூட்டர் போடுகிற சத்தங்களை எல்லாம் தூக்கிவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்தார். கம்ப்யூட்டரைப் போட்டால் விசில் அடித்து “போலாம் ரைட்” என்பார். பென்டிரைவைச் செருகினால் “உள்ள போ, படியில நிக்காத” என்பார். எதையாவது தப்பாக அமுக்கினால், அதற்கு மட்டும் மகன் பேரைச் சொல்லிப் பதிந்திருந்தார்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. உதயன் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவன். சர்டிபிகேட் பிரேம் போட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது. அந்தப் படிப்புக்குப் புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஒரு பொங்கல் லீவில் வந்தவன், “ரொம்ப ஸ்லோவா இருக்கேப்பா, வேண்டாததெல்லாம் அழிச்சு விடுறேன்” என்று உட்கார்ந்தான். அவன் அழித்ததில் கம்ப்யூட்டருக்கு உயிரான ஏதோ ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. அப்பா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை; தானே நோண்டிச் சரிசெய்துகொண்டார். அடுத்த லீவில் வந்து மவுஸைத் தொட்டபோது கம்ப்யூட்டரே திட்டியது. அதைக் கேட்க அக்கம்பக்கத்தில் நாலு பேரை வேறு கூட்டிவைத்திருந்தார்.

இன்றைக்குப் பென்டிரைவ் சண்டித்தனம் பண்ணியது. டிப்ளமாவில் படித்தபடியே உதயன் ஒவ்வொன்றாகச் செய்தான். கழற்றி மாட்டினான். வாயால் ஊதினான். பக்கத்து ஓட்டையில் செருகினான். ஒவ்வொரு தடவையும் அப்பா பயணியை உள்ளே ஏற்றினார். அடுத்த நிமிடமே மகனை இறக்கிவிட்டார்.

ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைக்கிற திருகு எப்போதோ உடைந்துபோயிருந்தது. திரையின் ஓரத்தில் இருக்கவேண்டிய ஸ்பீக்கர் படத்தையும் அப்பா எங்கேயோ ஒளித்துவைத்திருந்தார். சரி, ஒயரையே பிடுங்கிவிடலாம் என்றுதான் மேசைக்கு அடியில் போனான். ஒன்றைப் பிடித்து இழுத்தான். உர்ரென்று ஓடிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டி நின்றது.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா செவந்தி அப்போதுதான் வாய் திறந்தாள்.

“மாட்டி விடுடா. அவுகளுக்கு வேர்க்கும்.”

அவசரமாக மாட்டினான். வெளியே வந்து வேர்வையைத் துடைத்தபோது வாசலில் இருந்த மாமா ரெங்கசாமி எழுந்து வந்தார்.

“ஏன் மாப்ள, எழவு வீடா இது, பஸ்டாண்டா? மச்சானத் தூக்குறதுக்குள்ள அத நிப்பாட்டுவியா மாட்டியா?”

வாசலில் யாரோ, “கண்டக்டரு செத்தும் டூட்டி பாக்குறாரு” என்றார்கள். இந்தத் தடவை யாரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ளவில்லை. சிரித்தே விட்டார்கள்.

உதயனுக்குக் காது சுட்டது. கண்ட்ரோல் பேனலுக்குள் போனான். சத்தங்களைப் பழையபடி மாற்றினான். அதோடு விட்டிருக்கலாம். ‘சத்தம்’ என்று ஒரு போல்டர் கண்ணில் பட்டது. உள்ளே அப்பா வரிசையாக இருந்தார். ஷிப்டையும் டெலீட்டையும் சேர்த்து அமுக்கினான். நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவனிடம் மரியாதையாகக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அந்த வீட்டில் அதுதான். ஆமாம் என்றான்.

பிறகு பென்டிரைவைப் பின்பக்கத்து ஓட்டையில் செருகிப் பார்த்தான். திறந்துகொண்டது. முதலிலேயே அங்கே செருகியிருந்தால் எதுவும் ஆகியிருக்காது. போட்டோ சிராஜ் கடைக்குப் போனது. பெண்கள் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அம்மா மட்டும் அழவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒவ்வொரு தடவை குரல் வந்தபோதும் அவள் அப்படித்தான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஊர் முன்னால் மானம் போகிறதே என்று பார்க்கிறாள் என உதயன் நினைத்துக்கொண்டான்.

பொழுது சாயத் தொடங்கியபோது மொட்டைத் தலையோடு சுடுகாட்டிலிருந்து திரும்பினான். முக்கத்தில் அப்பா பத்தடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. விளக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“ஒதயா, அதப் போடு.”

“எதம்மா?”

“கம்ப்யூட்டர. காலையில பேசுனாகள்ல.”

அம்மா எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை ஈரத்தின் மேலேயே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள், யாரோ வரப்போகிற மாதிரி.

அவன் போட்டான். கம்ப்யூட்டர் தன்னுடைய சொந்த மெட்டை வாசித்துவிட்டு ஓய்ந்தது. திரையில் பஸ் நின்றது.

“விசில் அடிக்கலையே?”

“ரீஸ்டார்ட் பண்ணணும்மா.”

பண்ணினான். மறுபடியும் அதே மெட்டு.

“பண்டிகைக்குப் பண்டிகதான் நீ வர்ற. மத்த நாளெல்லாம் இத வேணுமின்னே தப்பா அமுக்கிட்டு ஒன் பேரச் சொல்ல வச்சுக் கேப்பாக” என்றாள் அம்மா. “விசில் வேணாம். அந்தத் தப்பப் பண்ணு. ஒன்னால முடியாதும்பாகள்ல, அது.”

உதயன் எதையோ அமுக்கினான்.

டிங்.

“சரியா அமுக்குனியா?”

“தப்பாத்தாம்மா அமுக்குனேன்.”

“இன்னொருவாட்டி அமுக்கு.”

அம்மா முந்தானையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ஸ்பீக்கரின் மேல் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டாள்.

டிங்.