றஸ்மியாவுக்குப் போட்ட வெளிச்சம்

அன்று வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குள் காலையிலிருந்து ஒரே காட்சிதான். கணவன் விட்டுப் போன பெண் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். டைரக்டர் சவுந்தரநாயகம் என்னிடம், "இப்திகார் நானா, அவ வாயே திறக்கக்கூடாது, ஆனா பார்க்கிற ஆளுக்கு அழுகை வரவேணும்" என்றார். வராமல் எங்கே போகும்? முப்பது வருஷமாகப் படங்களுக்கு லைட் போடுகிறேன், நான் அழவைக்காத ஆளா! மேசையைச் சுவரோரம் தள்ளினேன். எதிரே ஒரு வெறும் கதிரை போட்டேன். மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கமிருந்து ஒரேயொரு லைட். பாதி முகம் இருட்டு, பின்னால் பெரிய வெறும் சுவர். நடிக்க வந்த பிள்ளை சும்மா சோற்றைப் பிசைந்தாள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மேக்கப்காரி மூக்கை உறிஞ்சினாள்.

நாலு மணிக்கு, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி, வழக்கமாகக் கொண்டு போகும் சின்ன லைட்டையும், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளை ரெஜிபோம் தட்டையும் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் ஏறினேன். கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்வதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. அதற்கு மேல் மூன்று மாடி ஏற வேண்டும். லிஃப்ட் வேலை செய்தால்தானே அதிசயம்.

வீட்டில் இருந்த வேலை இதற்கு நேர் எதிரானது. என் மனைவி றஸ்மியாவைச் சுகமானவளாகக் காட்ட வேண்டும். அவளுக்கு ஈரலில் புற்றுநோய். மலேசியாவில் மருத்துவம் படிக்கும் எங்கள் ஒரே மகள் அர்பாவுக்கு இது தெரியாது. திங்கட்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை தொடங்குகிறது. முடிய ஒரு மாதமாகும். தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அடுத்த பிளேனில் வந்து நிற்பாள். "புள்ளட அஞ்சு வருஷத்த நான் கெடுக்க ஏலா. சொல்லமாட்டன்டு சத்தியம் பண்ணுங்க" என்று என் கையைப் பிடித்துக் கேட்டவள் றஸ்மியாதான்.

அதனால் ஒவ்வொரு நாளும் ஐந்து மணி வீடியோ கோலுக்கு முன் நான் செட் போட்டேன். அவள் தோலும் கண்ணும் மஞ்சளாகிவிட்டன. அதற்காக மஞ்சள் கர்ட்டன் வாங்கி மாட்டினேன், லைட்டின் முன் செம்மஞ்சள் தாள் ஒட்டினேன். அறை முழுக்க மஞ்சளாக இருந்தால் அவள் மஞ்சள் தனியாகத் தெரியாது. ஒட்டிய கன்னத்தில் நிழல் விழாதபடி கீழிருந்து ரெஜிபோம் தட்டால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டேன். மாத்திரைகளும் வாந்தி எடுக்கும் பேசினும் படத்துக்கு வெளியே. பின்னால் ஒரு பூச்சாடி. கல்யாண வீடு தோற்றுப்போகும்! இப்படியே மூன்று கிழமை ஓடிவிட்டது. "உம்மா, கொழுத்துட்டீங்க" என்று மகள் சிரித்த அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன.

அன்று நான் மாடி ஏறி வந்தபோது றஸ்மியாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. முந்திய நாள் டாக்டர், இனி மாதக்கணக்கில் பேச முடியாது, கிழமைக்கணக்கில் பார்ப்போம் என்றிருந்தார். அவளும் பக்கத்தில் இருந்து கேட்டவள்தான். தூக்கிக் கதிரையில் உட்காரவைத்து முக்காட்டைச் சரிசெய்தேன்.

"நாடியக் கொஞ்சம் தூக்கு" என்றேன், நடிகையிடம் சொல்வது போல.

"எனக்கு ஏலா, அர்பாட வாப்பா. களைச்சுப் போச்சு."

"அஞ்சு நிமிஷம்தானே, பொறு."

எனக்கும் களைப்பு. எரிந்து விழுந்துதான் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

போனில் அர்பா மூச்சுவிடாமல் கதைத்தாள். "உம்மா, இன்னும் ஒரு மாசம்தான். சோதினை முடிஞ்ச கையோட வந்து உங்கட மடியில படுத்திடுவன். ஒரு கிழமைக்கு எழும்பவே மாட்டன்."

றஸ்மியா சிரிக்கவில்லை. கையை நீட்டி லைட்டின் வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் கழன்று விழுந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன்.

"எனக்கு ஒரு மாசம் இல்ல" என்றாள் மெதுவாக. "நான் போன பொறகு புள்ள நெனச்சிப் பார்க்கப் போறது என்ட முகத்தயா, உங்கட வெளிச்சத்தயா? கர்ட்டனையும் தொறங்க."

நீதானே சத்தியம் கேட்டாய் என்று வாய்வரை வந்தது. கர்ட்டனை ஒதுக்கினேன். பகல் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. பள்ளம் விழுந்த கன்னம், மஞ்சள் கண், எல்லாமே தெரிந்தன.

ஐந்து வருஷம் மருத்துவம் படித்த பிள்ளைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை. போனைத் திருப்பப் போனேன்.

"திருப்பாதீங்க, வாப்பா." அர்பாவின் குரல் உடைந்திருந்தது. "கிட்டக் கொண்டு போங்க. நான் உம்மாவப் பார்க்கணும்."

கொண்டு போனேன். படம் ஆடியது. றஸ்மியா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மகளை வெகுநேரம் பார்த்தாள்.

"வாங்க மகள்" என்றாள். "சோதினை அடுத்த வருஷமும் வரும்."