சாமி பக்கத்து மூலை

அந்தப் பெனால்டியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பந்தைப் பிடித்தவன் பாளையங்கோட்டைக்காரன். ஆனால் பந்து எந்த மூலைக்கு வரும் என்று அவனுக்கு எழுத்தில் கொடுத்தவன் நான். அதுவும் சும்மா கொடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, சோடா உடைத்துக் கொடுத்து, பெருமை பேசிக் கொடுத்தேன்.

என் பெயர் நெல்லைநாயகம். 1978-ல் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு பேப்பர் கடை இருந்தது. திருநெல்வேலியில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு நான்தான் ஏஜென்ட், நானே நிருபர். அப்போது சின்ன ஊர்களில் அப்படித்தான். விடியற்காலையில் பேப்பர் கட்டைப் பிரிக்கிறவனே பகலில் செய்தியும் எழுத வேண்டும். எழுதியதைக் கவரில் போட்டு இரண்டு மணி பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால், அங்கே ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். நான் இருபது வரி அனுப்பினால் மூன்று வரி வரும். லாரி கவிழ்ந்தது, ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வந்தது, இந்த மாதிரி மூன்று வரி. என் எழுத்தின் அருமை தெரியாத பயல்கள் என்று கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவது எனக்குத் தினசரி வேலை.

அந்த வருடம் தபசு முடிந்த இரண்டாவது வாரம், சனிக்கிழமை, கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டி ஆரம்பம். வருடத்தின் முதல் ஆட்டமே எங்கள் ஊர் மைதானத்தில். எதிரணி பாளையங்கோட்டையிலிருந்து வருகிறது. தோற்றால் அத்தோடு அந்த வருட ஆட்டம் முடிந்தது. எங்கள் கல்லூரி தொடங்கி ஆறேழு வருடம்தான் ஆகிறது. பாளையங்கோட்டையில் பாட்டன் காலத்திலிருந்தே பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் எங்களிடம் செல்லப்பா இருந்தான்.

செல்லப்பாவுக்குக் குருவிகுளத்துப் பக்கம் ஒரு கிராமம். கடைசி வருடம் பி.காம். தகப்பனார் இல்லை. இருக்கிற கொஞ்சம் புஞ்சையும் இரண்டு வருடமாக மழை இல்லாமல் தரிசாகக் கிடந்தது. அம்மா முப்பிடாதியம்மாள் ஊரார் காட்டில் களை வெட்டி, பருத்தி எடுத்து அவனைப் படிக்க வைத்தாள். சென்டர் பார்வேர்டாக ஆடுவான். பந்து அவனோடு வீட்டு நாய் மாதிரி கூடவே ஓடும். சென்னையில் ஒரு பெரிய தொழிற்சாலை தன் கால்பந்துக் குழுவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டால் ஆட்டமும் உண்டு, நிரந்தர வேலையும் உண்டு. எங்கள் கல்லூரி பி.டி. மாஸ்டர் சுயம்புலிங்கம் நாலு கடிதம் போட்டு, அவர்களில் ஒருத்தரை இந்த ஒரு ஆட்டத்தைப் பார்க்க வரச் சம்மதிக்க வைத்திருந்தார். செல்லப்பாவுக்கு இதை விட்டால் அம்மாவோடு களை வெட்டப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பேப்பர் கட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'சனிக்கிழமை ஆட்டம் பற்றி முன்னோட்டம் முக்கால் பத்தி உடனே அனுப்பவும்.' என் கண்ணையே நம்ப முடியவில்லை. பதினோரு வருடத்தில் அவர்களாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கடையை அப்படியே பூட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

சுயம்புலிங்கம் பயந்த ஆள். யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று எழுதக் கூடாது என்றார். லெப்ட் பேக் சங்கரபாண்டிக்கு முழங்கால் வீங்கியிருப்பதை மூச்சு விடக் கூடாது என்றார்.

"வே, அவனுகளும் பேப்பர் படிப்பானுக. பாத்து எழுதும்" என்றார் கடைசியாக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதை எழுதுவது, எதை விடுவது என்று எனக்கு இவர் சொல்லித்தருகிறாரா என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னபடியே செய்தேன். யார் எங்கே ஆடுகிறார்கள் என்று எழுதவில்லை. முழங்காலைப் பற்றியும் எழுதவில்லை. எழுதி முடித்துப் பார்த்தால் முக்கால் பத்திக்கு ஆறேழு வரி குறைகிறது. மணி ஒன்றரை. அப்போதுதான் எனக்கு அந்தப் பெனால்டி விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

போன வருடம் செல்லப்பா மூன்று பெனால்டி அடித்தான். மூன்றையும் கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். கோமதியம்மன் சன்னதியில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகியிருப்பான். பெனால்டி என்றதும் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, கோயில் இருக்கும் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவான். எங்கள் மைதானத்தில் நின்றால் கோபுரம் கிழக்கே தெரியும். இங்கே அடித்த இரண்டும் கிழக்கு மூலைக்குப் போயின. கோவில்பட்டியில் ஆடியபோது அங்கிருந்து நம் ஊர் மேற்கே. அங்கே பந்து மேற்கு மூலைக்குப் போனது. இதை வேறு எவனும் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் கவனித்தேன். அந்தப் பெருமை என் கையைப் பிடித்து எழுத வைத்தது.

'பெனால்டி கிடைத்தால் செல்லப்பா அம்மன் சன்னதிப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, கோபுரம் நோக்கிக் கும்பிடுவார். எந்த ஊர் மைதானமானாலும் சங்கரன்கோவில் எத்திசையில் உள்ளதோ, அத்திசை மூலையில்தான் பந்து பாயும். சாமி பக்கம் அடித்த பந்து இதுவரை தவறியதில்லை.'

மறுநாள் கட்டைப் பிரித்தேன். ஒரு வரி வெட்டவில்லை. கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. ஒன்பது மணிக்குள் பேப்பர் அத்தனையும் விற்றுப்போய், என் கையில் மூன்று பிரதி மட்டும் மிஞ்சியது. டீக்கடையில் ஒருத்தன் சத்தமாகப் படிக்க, சுற்றி நின்று கேட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்து மணிக்குப் பாளையங்கோட்டை அணி பஸ்ஸை விட்டு இறங்கியது. அவர்களில் நெடுநெடுவென்று ஒருவன், நீளக் கைக்காரன், தண்ணீர் கேட்டு என் கடைக்கு வந்தான். பெயர் ராஜதுரை என்றான். கோல்கீப்பர். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அவனை உட்கார வைத்துச் சோடா கொடுத்தேன். முன்னோட்டம் எழுதியது நான்தான் என்று சொல்லிப் பேப்பரையும் கையில் கொடுத்தேன். அவன் ஒரு தடவை படித்தான். பிறகு இன்னொரு தடவை மெதுவாகப் படித்தான்.

"ரொம்ப நல்லா எழுதிருக்கீய அண்ணாச்சி. மைதானத்துக்கு எந்தப் பக்கம் கோயிலு?" என்று கேட்டான்.

சாமி கும்பிடத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். எழுந்து நின்று கையை நீட்டிக் கிழக்கே என்று காட்டினேன். நடை அடைக்கிறதுக்குள் போய்விடு என்று குறுக்கு வழியும் சொன்னேன். படித்த பிள்ளைகளுக்கும் இவ்வளவு பக்தி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். என்னைப் போல ஒரு மடையன் இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டான்.

மைதானத்தில் அன்றைக்கு நிற்க இடமில்லை. பாளையங்கோட்டைக்காரர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு செல்லப்பா மூன்று பேரைத் தாண்டிக் கொண்டுபோய் ஒன்று போட்டான். ஆள் எடுக்க வந்திருந்த சென்னைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினார். அதை என் கண்ணால் பார்த்தேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, தெற்குக் கோலுக்கு முன்னால் அவர்கள் ஆள் ஒருத்தன் கையில் பந்து பட்டது. ரெபரி விசில் அடித்தார். பெனால்டி.

செல்லப்பா பந்தை வைத்தான். இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்து நெற்றியில் புற்றுமண்ணைப் பூசினான். கிழக்கே திரும்பிக் கை கூப்பினான்.

அப்போது நடந்ததை யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. சுற்றி நின்ற ஊர் மொத்தமும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிக் கை கூப்பியது. பழக்கடைக்காரன், கல்லூரி பிரின்ஸிபால், சைக்கிள் கேரியரில் ஏறி நின்றவர்கள், எல்லோரும். காலையில் பேப்பர் படித்தவர்கள்தானே அத்தனை பேரும். ஒரு சத்தம் இல்லை. கோலுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் எழுதிய ஆறு வரிக்கு ஒரு ஊரே கும்பிடுகிறது என்று நினைத்தேன். சாமியை அல்ல, என்னையே கும்பிடுகிற மாதிரி நின்றேன்.

அப்படியே ராஜதுரையைப் பார்த்தேன். அவன் பந்தைப் பார்க்கவில்லை. அவனும் கோபுரத்தைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டுக் கிழக்குப் பக்கம் அரை அடி தள்ளி நின்றுகொண்டான்.

காலையில் அவன் கேட்ட கேள்வி எதற்கு என்று அந்த நொடியில்தான் புரிந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? சத்தம் வருவதற்குள் செல்லப்பா ஓடிவந்து அடித்துவிட்டான். கிழக்கு மூலைக்கு, தரையோடு, அவ்வளவு வேகமாக அடித்தான். அதற்கு முன்பே அங்கே போய் விழுந்து கிடந்த ராஜதுரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எழுந்து தூர வீசினான். எங்கள் ஆட்கள் கை கூப்பியபடி திகைத்து நிற்கையில், அந்தப் பக்கம் அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு. கூட்டம் எழவு வீட்டிலிருந்து போவது மாதிரி பேசாமல் கலைந்து போனது.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னைக்காரர் பஸ்ஸுக்காக என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். என்னவாயிற்று என்று கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் நோட்டைக் காட்டினார். ராஜதுரை பெயரும் செல்லப்பா பெயரும் இருந்தன. இரண்டு பேரையும் தொழிற்சாலைக்குச் சிபாரிசு செய்யப்போவதாகவும், செல்லப்பா கடைசி நேரத்தில் பதறிவிட்டான், அது பழகப் பழகச் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பதறினான் என்று செல்லப்பாவைச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. என் தப்பை அவன் தலையில் கட்டுகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. அவன் பதறவே இல்லை, எப்போதும் சாமி பக்கம்தான் அடிப்பான், அதை நான் பேப்பரில் எழுதி அந்தப் பயலிடம் காட்டியதுதான் வினை என்று மளமளவென்று சொல்லிவிட்டேன். சாட்சிக்குப் பேப்பரையும் எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"எப்பவுமே ஒரே பக்கம்தானா சார்?" என்று கேட்டார். "பதட்டம்னா போக்கிடலாம். இதை எப்படிப் போக்குறது?"

பேனாவை எடுத்துச் செல்லப்பா பெயர் மேல் ஒரு கோடு போட்டார். நான் அது அப்படியில்லை என்று ஏதேதோ சொன்னேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒரே நாளில் ஒரே பையனை இரண்டு தடவை கவிழ்த்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் செல்லப்பா வந்தான். நெற்றியில் புற்றுமண் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. என்னைத் திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவன் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தான்.

"காலைல படிச்சேன் அண்ணாச்சி. அப்பவே மாத்தி அடிக்கணும்னு நெனச்சிக்கிட்டேன். கும்பிட்டுட்டு நிமிந்தா ஊரே கெழக்க பாத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கி. அதுக்குப் பொறவு நான் எப்படி மேற்க திரும்ப?" என்றான்.

ஒரு சோடாவை உடைத்து அவன் பக்கம் நகர்த்தினேன்.

பிறகு, இன்றைய பேப்பர் ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். பேப்பரில் தன் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை, அம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்படும் என்றான். கடைசியாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கசங்காமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான்.

குருவிகுளம் பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தவன் திரும்பினான்.

"சென்னைக்காரர் எம் பேர எழுதினாரா அண்ணாச்சி?"

"எழுதினாரு மக்கா" என்றேன்.

அது பொய் இல்லை.