கூடுதலாய் இரண்டு கரண்டி

பீங்கான் பட்டறைப் பாராட்டு விழாவில் ராஜமாணிக்கத்தின் கழுத்தில் மாலை விழுந்தபோது அந்தோணிமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒளிப்பானேன், பொறாமைதான். இருவரும் ஒரே பெஞ்சில் வேதியியல் படித்தவர்கள். அப்பா திடீரென்று செத்துப்போக, அந்தோணிமுத்து விருத்தாசலத்திலேயே இந்தப் பட்டறையில் கலவை பார்க்கும் வேலையில் உட்கார்ந்துவிட்டான். நல்லூர்க்காரன் ராஜமாணிக்கமோ கல்கத்தா, ஜெர்மனி, இப்போது பெங்களூரில் பேராசிரியர். தண்ணீரில் களிமண் துகள் எப்படி நிற்கிறது என்று பதினாலு வருஷம் ஆராய்ந்தானாம்! இங்கே கூலிக்காரி பாஞ்சாலை தினமும் அதைத்தான் கலக்குகிறாள், அவளுக்கு எவன் மாலை போட்டான்?

ஆறாத புண் இன்னொன்றும் இருந்தது. அறுபத்திரண்டில் அந்தோணிமுத்து அவனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். களிமண் கரைசலில் ஒரு கரண்டி சிலிகேட் விட்டால் இளகி ஓடுகிறது, மேலும் விட்டால் மறுபடி கெட்டியாகிறதே, ஏன்? பதில் வரவில்லை. அதே கேள்வியை வைத்து அவனுக்கு டாக்டர் பட்டம் வந்ததென்று பேப்பரில்தான் படித்தான். திருட்டுப்பயல்!

இன்று எல்லார் முன்னாலும் பேராசிரியர் அச்சில் கரைசலை ஊற்றிக் காட்டப்போகிறார். எல்லாரும் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து அந்தோணிமுத்து வாளியில் கூடுதலாய் இரண்டு கரண்டி சிலிகேட்டை விட்டுக் கலக்கினான். உன் மானம் கப்பலேறட்டும்டா.

ஏறத்தான் செய்தது. வாளியைச் சாய்த்தால் கரைசல் தயிராய் நின்றது.

"ஐயையோ, காலைல தண்ணியாட்டம் ஓடுச்சிங்களே சார்!" என்றாள் பாஞ்சாலை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

ராஜமாணிக்கம் சட்டைக் கையை மடித்து, பட்டறை ஆட்கள் பதம் பார்ப்பதுபோல் விரலை விட்டு எடுத்தான். நிமிர்ந்து அந்தோணிமுத்துவை ஒரு பார்வை பார்த்தான்.

"இதத்தாங்க காட்ட வந்தேன்," என்றான் ராஜமாணிக்கம் கூட்டத்திடம். "சிலிகேட்டு அளவு மீறுனா இப்பிடித்தான் திரும்பிக்கும். ஏன்னு மொதல்ல கேட்டது நான் இல்லீங்க. தோ நிக்கிறாரே, அந்தோணிமுத்து, அவருதான். பதில் சொல்ல எனக்குப் பதினாலு வருசம் ஆயிப்போச்சு."

கைதட்டல். மாலை கழுத்து மாறியது. பாவி, நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே!

மாலையைச் சரிசெய்யும் சாக்கில் ராஜமாணிக்கம் காதோரம் குனிந்தான்.

"எத்தினி கரண்டிடா?"

அந்தோணிமுத்து வாளியைப் பார்த்தான். விரல் விட்ட குழி இன்னும் மூடவில்லை.