வறுத்த கடலை வாசம்

மருந்து அறைக்குள் வறுத்த கடலை மணந்தது. போர்மேன் தங்கச்சாமி வாசலிலேயே நின்றுவிட்டார். வெடிமருந்து சலித்துக்கொண்டிருந்த வேல்விழிக்கு, அவர் பார்வை தன் முதுகில் ஊர்வது திரும்பாமலே தெரிந்தது.

"வறுக்கணும்னா அடுப்பு வேணும். கம்பெனிக்குள்ள தீ வச்சவ யாரு?"

பட்டாசு ஆலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இதற்காக வெளியேற்றப்பட்டவளை ஏழாயிரம்பண்ணையில் எந்தக் கம்பெனியும் வேலைக்குச் சேர்க்காது. வேல்விழியின் அம்மா பஸ் நிறுத்தத்தில் கடலை வறுத்து விற்பதோ ஊரறிந்த விஷயம்.

"ஏத்தா, கையைக் காட்டு."

முகர்ந்தார். மருந்து நெடிதான் அடித்தது. "கையில இல்லைன்னா மடியில இருக்கும்."

"மடிக்கெல்லாம் மூக்கை நீட்டாதீக அண்ணாச்சி. கேட்டுல சோதிக்கிற மதினி பாக்கட்டும்."

கேட்டுக்குக் கூட்டிப்போனார். மதினி தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"கெட்டிக்காரிதான். எங்கன ஒளிச்சிருக்க?" என்றபடி தங்கச்சாமி கேட் நோட்டில் அவள் பேரை அடித்தார். "கெளம்பு."

வேல்விழி நகரவில்லை. கேட்டருகே வாசம் குறையாமல் கூடியிருந்தது. மணலில் வறுத்த கடலையில் புகை இருக்கும், தோல் கருகிய கசப்பு இருக்கும். இதில் வெறும் இனிப்பு. வேப்பமர நிழலில் முதலாளி மகள் பிரீத்திகா நின்றிருந்தாள். சென்னையிலிருந்து வந்தவள், காலையில் ஒவ்வொரு அறையாகப் புகுந்து பார்த்திருந்தாள்.

"பாப்பா, கடலை சாப்பிட்டீகளா?"

பிரீத்திகா சிரித்தாள். "செண்ட்டு, அக்கா. ஹேசல்நட்னு ஒரு வெளிநாட்டுக் கொட்டை வாசனை. ஆனா கொட்டையே இதுல கிடையாது. வறுத்த வாசனையை லேப்ல செய்வாங்க. மத்ததெல்லாம் ஸ்பிரிட்தான்."

தங்கச்சாமி அவளருகே ஓடினார். பொறி பட்டால் குப்பென்று பிடிக்கிற ஸ்பிரிட்!

"பாட்டில் எங்கனம்மா?"

"பையில."

அந்தப் பையை யாரும் சோதித்திருக்கவில்லை. மதினி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கச்சாமி இரண்டு கைகளையும் நீட்டிப் பாட்டிலை வாங்கி, கேட்டுக்கு வெளியே நின்ற காரில் வைத்துவிட்டு வந்தார். பிரீத்திகாவும் முகம் சிவக்க வெளியே போனாள்.

"நீ போய் வேலையைப் பாருத்தா. மொதலாளிகிட்ட எதுவும் சொல்லாத."

"மொதல்ல எம்பேரை எழுதுங்க."

"நாளைக்கு எழுதிக்கலாம்."

"நாளைக்கு இன்னொரு வாசம் வரும் அண்ணாச்சி. இப்பவே எழுதுங்க."

எழுதினார். எழுத்துக்கு எழுத்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள் வேல்விழி.