எறும்புகள் கொண்டுவந்த கோலம்

நாகஜோதி புருஷனோடு கோபித்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைக்குப் போன மறுநாளே, வில்லாபுரம் வீட்டு எறும்புகளும் அவள் பின்னால் போய்விட்டன. ஒரேயடியாகக் குடிபெயர்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. புற்று பழைய இடத்திலேயே, அடுப்படிப் படிக்கல்லுக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இரை தேட ஓர் எறும்புகூடத் தலைகாட்டவில்லை. சீனி டப்பா திறந்து கிடந்தாலும் சீண்டவில்லை. படிக்கல்லில் கிளம்பிய கறுப்பு வரிசை வாசலைத் தாண்டி, சாக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெற்குவாசல் பாலத்தில் ஏறி இறங்கி, சிம்மக்கல், அரப்பாளையம், காளவாசல், விராட்டிபத்து என்று மதுரையைக் குறுக்கே கடந்து, அவள் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்கள் விடுதியின் வாசலில் போய் முடிந்தது. சிம்மக்கல் வழியாகப் போவது சுற்று. ஆனால் அங்கேதான் மொத்தக் கடைகளில் சீனி மூட்டை மூட்டையாக இறங்குகிறது. பாசம் எம்புட்டு இருந்தாலும் எறும்பு எறும்புதானே. முதல் இரண்டு நாள் ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. காளவாசலில் சிவப்பு விளக்கு விழுந்த பிறகே எறும்புகள் சாலையைக் கடந்ததால் யாருக்கும் அவற்றின்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் தக்காளி விலை ஏறியது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

நாகஜோதியின் புருஷன் அழகுபாண்டி பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி, எட்டுக்கால் பூச்சி என்று எதற்கும் அவனிடம் மருந்து உண்டு. தண்ணீரில் கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பதால், முதுகு டேங்கில் மிச்சம் இருப்பதை அந்தத் தொழில்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்துவிடுவது வழக்கம். ஓசி மருந்தை யார் விடுவார்கள்? அவன் வீட்டில் மூலை முடுக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை, ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அதற்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் அடித்துச் சொல்லவில்லை. நாகஜோதி அவன் சட்டையைத் துவைக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டாள். வேறு வேலை பார்க்கச் சொன்னாள். எனக்கு வேறு என்ன தெரியும் என்றான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து முதன்முதலாக அவள் வாசலில் கோலம் போட்ட நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கல்மாவு தொடமாட்டாள், பச்சரிசி மாவுதான். எறும்பு தின்ன வேண்டும் என்றுதானே கோலமே. அன்று சாயங்காலம் அலுத்துப்போய் வந்தவன், கைப்பழக்கத்தில் டேங்கின் மிச்சத்தை வாசலில் அடித்துவிட்டான். கடிக்காத, யாருக்கும் கெடுதல் செய்யாத பிள்ளையார் எறும்புகள் கோலத்தின் கோடு கோடாகச் செத்துக் கிடந்தன. அவள் அழவில்லை. "இதுகளும் நம்ம வீட்டுல உள்ளதுதானே" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

எறும்பு வரிசை எங்கே போகிறது என்பதை அழகுபாண்டி ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்திலேயே நடந்தான். சிம்மக்கல்லில் சீனி மண்டி வைத்திருக்கும் சிவனாண்டி, கடை வாசலில் வரிசைக்கென்று தினமும் ஒரு பிடி சீனி தூவி வைத்திருந்தார். விவரம் கேட்டுக்கொண்டு அழகுபாண்டிக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். "பொண்டாட்டி போன வழியை எறும்பு காட்டுற அளவுக்கு விட்டியாடா மாப்ள" என்று சிரித்தார். அவனும் சிரித்துவிட்டு நடந்தான். விடுதி வாசலில் அவள் கைக் கோலம் இருந்தது. இழையை முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன வால் விடுவாள், அது வேறு யாருக்கும் வராது. கேட்டைத் தட்டத் தைரியம் வராமல் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான். போன் செய்தால் எடுப்பாள். "சொல்லுங்க" என்பாள். சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்ததால் ஒன்றும் வராது. "வச்சுரட்டுமா?" என்பாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் விடிகாலையில் கதவைத் திறந்தபோது வாசலில் கோலம் கிடந்தது. அடுத்த வீட்டு சுந்தரம்மாள்தான் இரக்கப்பட்டுப் போட்டிருப்பாள் என்று குனிந்தவன், இழையின் வாலைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். எறும்புகள் விடுதி வாசலில் இருந்து மாவைத் துகள் துகளாகச் சுமந்து வந்து, எந்தத் துகள் எங்கே இருந்ததோ அங்கேயே இறக்கி வைத்துக்கொண்டிருந்தன. வைத்து முடித்து, ஒரு பகல் அப்படியே விட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் தின்றன. எறும்பு நடை ஒரு மாத நடை என்பதால் எல்லாமே தாமதமாக வந்தது. பொங்கல் கோலம் மாசியில் வந்தது. ஐப்பசி மழையில் கிளம்பியவை நனைந்து, அரப்பாளையம் பக்கம் நாலு இழையைப் பறிகொடுத்துவிட்டு வந்தன. ஆனால் போனில் தெரியாததெல்லாம் அவனுக்கு அதில் தெரிந்தது. இழை தடித்திருந்தால் தூங்கவில்லை. அவசரத்தில் இரண்டு கோடு இழுத்திருந்தால் அன்று வேலை அதிகம். கோடு நடுங்கியிருந்தால் காய்ச்சல். அதைப் பார்த்து அவன் பதறும்போது அந்தக் காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். இருந்தாலும் பதறினான். வரிசை கலைந்துவிடும் என்று வாசல் தெளிப்பதை நிறுத்தினான். தெளிக்காத வாசல் வீட்டுக்கு ஆகாது என்று சுந்தரம்மாள் தெருவுக்கே கேட்கும்படி பேசினாள். மிச்ச மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவதையும் நிறுத்தியதால் கரப்பானும் சிலந்தியும் திரும்பி வந்தன. ஒரு சிலந்தி அவள் சேலை தொங்கிய கொடியில் வலை பின்னியது. அதை அவன் கலைக்கவில்லை. தனியாக இருக்கிறவனுக்கு அதுவும் ஒரு ஆள்தான்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் புரட்டாசியில் ஒரு காலை, கோலம் வாசலோடு நிற்கவில்லை. விடுதிப் பெண்கள் கேட்டுக்கொண்டதற்காக நாகஜோதி கிருஷ்ண ஜெயந்திக்குக் குழந்தைப் பாதங்கள் வரைந்திருந்தாள். ஆவணியில் வரைந்த பாதங்கள் இப்போது வந்து சேர்ந்திருந்தன. கைமுஷ்டியை மாவில் தோய்த்து வைத்து, மேலே விரல் விரலாகப் புள்ளி வைத்த பிஞ்சுப் பாதங்கள், வாசற்படி ஏறி, கூடத்தைத் தாண்டி, கட்டில்வரை போயிருந்தன. அழகுபாண்டி அன்று வேலைக்குப் போகவில்லை. பாதங்களை மிதிக்காமல் சுவரை ஒட்டி ஒட்டி நடந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பிள்ளை கலைந்தபோது ஆஸ்பத்திரியில் அழாதவன் அன்று வாய்விட்டு அழுதான். இருந்திருந்தால் இந்நேரம் இதே அளவுக் காலோடு வீடெல்லாம் ஓடியிருக்கும். இதை வரையும்போது அவளும் இதைத்தானே நினைத்திருப்பாள், பக்கத்தில் யாரும் இல்லாமல் நினைத்திருப்பாளே என்பதுதான் அவனைப் போட்டு அறுத்தது. பொழுது சாய்ந்ததும் எறும்புகள் வழக்கப்படி கோலத்தைத் தின்றன. பாதங்களை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டன.

கார்த்திகையில் கோலம் நின்றது. எறும்புகள் வெறும் வாயோடு திரும்பி வந்தன. போன் செய்தான். "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், எப்போதும் சொல்கிற அதே குரலில். மார்கழி பிறந்து தெருவே கோலமாகக் கிடந்தபோதும் அவன் வாசல் மொட்டையாகவே இருந்தது. காரணம் கம்பெனி வழியாகத்தான் தெரிந்தது. விடுதிக்காரர் சூரியபிரகாஷ், வாசலில் அரிசி மாவு போடுவதால்தான் எறும்பு வருகிறது என்று நாகஜோதியைத் திட்டி, பிளாஸ்டிக் கோலம் ஒன்றை வாங்கி ஒட்டிவிட்டார். வாசலில் இரை இல்லாமல் போன எறும்புகள் அடுப்படிக்குள் நுழைந்தன. சாம்பாரில் எறும்பு மிதந்தது. எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தார். படிக்கிற பெண்கள், ஏற்றுக்கொள்ளவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். "வரிசைமேல அடிச்சா செத்தது அம்புட்டுத்தான், மறுநாள் வேற வரும். இனிப்பு ஜெல்லு வையிங்க. அதுகளே தூக்கிட்டுப் போயி புத்துல சேத்துரும், புத்தோட முடிஞ்சுரும்" என்று சூப்பர்வைசர் இன்னொரு ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அழகுபாண்டி கேட்டான். எந்தப் புற்று என்று அவனுக்குத் தெரியும். அது முடிந்தால் அவளுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த ஒரே வழியும் முடியும். "அந்த வேலையை நான் பாக்குறேண்ணே" என்று முகவரிச் சீட்டை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவன் டேங்கைச் சோப்புப் போட்டு, புளி போட்டு, வெந்நீர் ஊற்றி, மருந்து வாசம் போகும்வரை கழுவினான். பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த மாத்தண்ணீரை டேங்கில் நிரப்பிக்கொண்டு போனான். மாமியார் வீட்டுக்கானாலும் சரி, கோபித்துப் போன பெண்டாட்டி இருக்கும் இடத்துக்கானாலும் சரி, வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா. அடுப்படி வெளிப்படியில் ஆரம்பித்து, சுவரோரமாகவே அடித்துக்கொண்டு கேட்வரை வந்தான். "என்னய்யா வெள்ளையா இருக்கு?" என்றார் சூரியபிரகாஷ். புது மருந்து சார் என்றான். அவர் கண்முன்னாலேயே அடுப்படியில் இருந்த எறும்புகள் அத்தனையும் வெளியே வந்து வெள்ளைக் கோட்டில் சேர்ந்துகொண்டன. இப்படி ஒரு மருந்தைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று அவர் பின்னாளில் பலரிடம் சொன்னார்.

நாகஜோதி கரண்டியோடு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள், டேங்கைப் பார்த்தாள், முகம் சுருங்கியது. பிறகு கோட்டைப் பார்த்தாள். குனிந்து விரலால் தொட்டு மோந்தாள்.

"பச்சரிசி" என்றாள்.

"ஆமா."

"இம்புட்டுத் தண்ணியா கலக்கக் கூடாது. காஞ்சா தெரியாது."

"எனக்கென்ன தெரியும். நீ சொல்லிக் குடுத்தா தெரிஞ்சுக்கிறேன்." டேங்கை இறக்கி வைத்தான். "இதை இன்னைக்கு ஒப்படைச்சுருவேன் ஜோதி. சிம்மக்கல்லுல சிவனாண்டி அண்ணே மண்டிக்கு ஆள் வேணும்னாரு. போறேன்னு சொல்லிட்டேன்."

அவள் கிட்டே வந்து, அவன் சட்டைத் தோளருகே மூச்சை இழுத்துப் பார்த்தாள். அடக்கிக்கொள்ளவில்லை.

"பாதம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. கட்டில் வரைக்கும்."

அவள் அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க முன்னால போங்க. நான் வாரேன்" என்றாள். பஸ்ஸுக்குக் கூப்பிட்டதற்குத் தலையாட்டி மறுத்தாள். "கோவத்துல பஸ் ஏறி வந்துட்டேன். திரும்பி வாரதுக்கு அம்புட்டு வேகம் எனக்கு இல்லைங்க. எறும்போட வாரேன்."

சொன்னபடியே செய்தாள். விடுதிக்கு வேறு சமையல் ஆள் வந்ததும், ஒரு பையும் ஒரு டப்பா மாவுமாக வரிசைக்குப் பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள். எறும்புக்கு ராத்திரி ஓய்வு கிடையாது, அவளுக்கு உண்டு. பொழுது சாய்கிற இடத்தில் யார் வீட்டிலாவது தங்குவாள். விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் ஒரு கோலம் போட்டுவிட்டு, எறும்பு நடையில் மறுபடி கிளம்புவாள். விராட்டிபத்தில் தைப்பொங்கல் வைத்தாள். காளவாசலில் எறும்புகளோடு சிவப்பு விளக்குக்கு நின்றாள். பஸ்காரர்கள் அவளைப் பார்த்தால் ஒலிப்பானை அடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். மாசி முழுக்க அரப்பாளையத்தில் இருந்தாள், பருவம் தப்பி மழை பெய்ததால். பங்குனியில் சிம்மக்கல்லில் சிவனாண்டியின் மண்டியைக் கடந்தபோது அழகுபாண்டி உள்ளே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வெளியே ஓடிவந்தான். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தான், குடித்தாள். கூடவே நடந்துவிட அவனுக்குக் கால் துடித்தது. "வீட்டுல யாராச்சும் இருக்கணும்ல. இல்லாட்டி நான் எங்க வர்றது?" என்றாள். அவனுக்கு அது சரியாகத்தான் பட்டது.

வழியில் அவள் போட்ட கோலங்களை எறும்புகள் மறுபடி சுமந்து வந்தன. ஒரு மாதப் பழசாக வந்துகொண்டிருந்தவை நாளுக்கு நாள் புதிதாகிக்கொண்டே வந்தன. முதலில் பத்து நாள் பழசு, அப்புறம் நாலு நாள். தெற்குவாசல் பாலத்தில் இறங்கிவிட்டாள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே திரண்ட சமயத்தில், முந்தின நாள் போட்ட கோலம் வந்தது. அன்று சாயங்காலம் சுந்தரம்மாள், ரேஷன் கடை முக்கில் நாகஜோதியைப் பார்த்ததாகவும், நடை பழையபடியே இருக்கிறதாகவும், இரவு அங்கே ஒரு வீட்டில் தங்குகிறாளாம் என்றும் சொல்லிவிட்டு, மாவு கடன் கேட்டுப் போனாள். மறுநாள் விடிவதற்கு முன்னால் அழகுபாண்டி எழுந்தான். வாளியில் தண்ணீர் எடுத்து, சாணம் கரைத்து, மூன்று வருஷமாகத் தண்ணீர் காணாத வாசலை நன்றாகத் தெளித்துக் கூட்டினான். வரிசை நனைந்து கலைந்தது. எறும்புகள் படிக்கல்லோரமாக ஒதுங்கி, ஈரம் காயட்டும் என்று நின்றன. அவனும் அவற்றோடு நின்றுகொண்டான்.