பலகையோடு வந்த துறைமுகம்

ரங்கூனில் வாடகைப் புத்தகக் கடைக்காரர்கள் தடிப் புத்தகத்தை முழுசாக வெளியே விடமாட்டார்கள். கத்தியால் அறுத்து, ஓட்டை போட்டு, நூலால் தைத்துத் துண்டு துண்டாகத்தான் கொடுப்பார்கள். ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் ஏழு வீடு படிக்கும்.

அப்படியொரு கடை வைத்திருந்த டோ நியுனும் அதைத்தான் செய்திருந்தாள். அது உலகச் சண்டைக்கு முன்னால் அச்சான சரித்திரப் புத்தகம். நகரத்துத் தெருக்களும் புத்தர் கோயில்களும் சந்தைகளும் படம் படமாக இருக்கும். புருஷன் ஆசையாக வாங்கி வந்தது. அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, தெரு வாரியாக அறுத்து ஏழாக்கிவிட்டாள். ஒரு வாரம் அவன் பேசவில்லை. இப்போது பேச அவனே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து அச்சகத்துக்காரன் கோ பியோ வந்து நின்றான். வேறு பிரதி எங்குமே கிடைக்கவில்லையாம். மறுபடி அச்சடிக்கத் தயார், ஆனால் முழுசாக வேண்டும்.

"ஒரு படம் குறைஞ்சாலும் வேண்டாம்க்கா. பல்லு போன புத்தகத்த எவன் வாங்குவான்?"

கைபேசி வந்த பிறகு கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். காசு வரும் என்பதைவிட, தான் அறுத்ததைத் தானே ஒன்று சேர்த்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துக்கொண்டது. வீடு வீடாக ஏறி இறங்கி ஆறு துண்டுகளை மீட்டாள். ஏழாவது துறைமுகத் துண்டு. அது ஆற்றுக்கு அக்கரையில், தலாவில், மூட்டை தூக்கி ஓய்ந்துபோன ஊ போ லைங்கிடம் இருந்தது.

படகேறிப் போனாள். அவன் மரியாதையாக எடுத்துக் கொடுத்தான். புரட்டினால் தோணித்துறைப் படத்தைக் காணோம். நிமிர்ந்து பார்த்தாள். பலகைச் சுவரில் ஒட்டியிருந்தது.

"கஞ்சி போட்டு ஒட்டினேன். நல்லாப் புடிச்சிருக்குல்ல?"

"வாடகைப் புத்தகத்தப் போய் ஒட்டுவாங்களா அண்ணே?"

"நீங்க எங்கப்பாவ வாடகைக்கு விட்டுட்டிருந்தீங்க. நான் வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்."

படத்தில் கப்பலுக்கு ஏறும் பலகைமேல் மூட்டை தூக்கிகள் வரிசையாகப் போனார்கள். மூன்றாவது ஆளைத் தொட்டுக் காட்டினான்.

"முகமே தெரியல. மூட்டைதான் தெரியுது."

"மூட்டை தூக்குறவனுக்கு முகம் ஏது? காலப் பாருங்க, இடது பாதம் வெளிய சாயுது." லுங்கியைத் தூக்கித் தன் காலைக் காட்டினான். அதுவும் சாய்ந்துதான் இருந்தது.

டோ நியுன் படத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். படத்து ஆற்றிலிருந்து ஒரு துணுக்கு உரிந்து வந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"கிழிக்க விடமாட்டேன் கடைக்காரம்மா."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது இல்லேன்னா மத்த ஆறும் எடைக்குத்தான் போகும். உங்கப்பா இந்தச் சுவரோட நிப்பாரு. புத்தகமா வந்தா ஊரே பாக்கும்."

அவன் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினான். பிறகு சுத்தியலை எடுத்துப் பலகையின் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"மழை வந்தா உங்கப்பாவா வந்து அடைப்பாரு?" என்றாள் அடுப்படியிலிருந்து அவன் பெண்டாட்டி.

"அவரு மூட்டையே அடைக்கும்" என்று சுவரில் விழுந்த ஓட்டையில் பழைய அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டான்.

படகுத்துறையில் டோ நியுன் ஒரு முனையைப் பிடிக்கப் போனாள். "விடுங்க, இது நம்ம தொழிலு" என்று பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

அச்சகத்தில் கோ பியோ பலகையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "பின்பக்கத்து எழுத்து போச்சா?"

"படத்தாளுக்குப் பின்னால வெறும் வெள்ளதான்" என்றாள் டோ நியுன். இடுப்பு மடிப்பிலிருந்து ஆற்றுத் துணுக்கை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பலகையோடு படம் பிடித்தார்கள். தோணித்துறைக்கு மேலே வானத்தில் ஓர் ஆணி ஓட்டை.

"கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம்."

"அது என் வீட்டு ஆணி, தம்பி. இருந்துட்டுப் போகட்டும்" என்றான் ஊ போ லைங்.

மழைக்காலம் முடிந்து புத்தகம் வந்தது. கோ பியோ இரண்டு பிரதி கொடுத்தான். ஒன்றைப் புருஷன் படத்துக்குக் கீழே முழுசாக வைத்தாள். "இந்தா, இனியாவது பேசு."

மற்றதைக் கல்லாமேல் போட்டுக் கத்தியைத் தீட்டினாள். கடை வாசலில் நாலைந்து பேர், அவரவர் தெருவுக்காக நின்றார்கள்.

"புதுசயுமா அறுக்கப் போறீங்க?" என்று பதறினான் கோ பியோ.

"அறுக்காம எப்படிய்யா ஊரு படிக்கும்?"

முதலில் துறைமுகத்தை அறுத்தாள். அக்கரையிலிருந்து வந்த கிழவன்தான் வரிசையில் முன்னால் நின்றான்.

"கஞ்சி போட்டீங்க, தொலைச்சிருவேன்" என்று சொல்லிக் கொடுத்தாள்.